வெள்ளிக்கிழமைப் பல்வலி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் அரசாங்கப் பல் கிளினிக்குகள் வெள்ளியும் சனியும் மூடியிருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு சேதியே இல்லை. ஆனால் வியாழக்கிழமை ராத்திரி கடைவாய்ப் பல் துடிக்க ஆரம்பித்தால்தான் அது எவ்வளவு பெரிய சேதி என்று புரியும். எனக்கு அப்படித்தான் ஆனது. பாடாங் செராயில், ஒரு காலத்தில் முழுக்க ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது பாதி செம்பனை, பாதி தாமான் (குடியிருப்புப் பகுதி) என்று ஆகிவிட்ட இடத்தில் தனியாக இருக்கிறேன். அம்மா கிள்ளானில் தம்பி வீட்டில். வேலை கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில், சம்பளக் கணக்குப் பிரிவில். அந்த வார இறுதியில் யாராவது நாலு விஷயம் சொல்லியிருந்தால் எனக்கு முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) வரை மிச்சமாகியிருக்கும். தூக்கமும் கிடைத்திருக்கும். அந்த நாலு விஷயம் நாற்பதாகிவிட்டது, எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் என் பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு வருடா வருடம் பல் மிஸ்ஸி (பல் நர்ஸ்) வருவார்கள். நூலக அறையில் மடக்கு நாற்காலி போடுவார்கள், ஒரு விளக்கு, பக்கத்தில் கடகடவென்று ஓடும் ஒரு மெஷின். பிள்ளைகளை ஆங்கில எழுத்து வரிசையில் கூப்பிடுவார்கள். என் பெயர் வகரத்தில் ஆரம்பிக்கிறது. அதனால் வகுப்பில் எல்லாரும் உள்ளே போய் அழுதுவிட்டு வருவதை ஐந்தடி (கட்டடத்தின் முன் நடைவழி) வாங்கில் உட்கார்ந்து முழுசாகக் கேட்ட பிறகுதான் என் முறை வரும். ஒரு வருடம் திமிறினேன், இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது, பெரிய கொடுமை ஒன்றுமில்லை. அந்த மிஸ்ஸிகளை இப்போது குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1949-லேயே பினாங்கில் இதற்கென்று பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்து, அங்கிருந்து பள்ளி பள்ளியாக அனுப்பினார்கள். தோட்டப் பிள்ளைகளின் வாயை முதன்முதலில் ஒழுங்காகத் திறந்து பார்த்தவர்கள் அவர்கள்தான். அப்பா காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர்தான் (மருந்து கட்டும் உதவியாளர்) பல்லும் பிடுங்குவாராம். ஊசி போட்டாரா என்று கேட்டால் அப்பா சிரிப்பார், பதில் சொல்ல மாட்டார்.

ஆனால் உடம்பு நியாயம் பார்க்காது. பல் கிளினிக் வாசலில் ஒரு வாசனை வருமே, அது மூக்கில் ஏறினாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அது கிராம்பு வாசனை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. தற்காலிகமாகப் பல் அடைக்கும் மருந்தில் கிராம்பு எண்ணெயில் இருக்கும் அதே யூஜினால்தான் இருக்கிறது. பிரியாணி வாசனையில் கிராம்பு தூக்கலாக இருந்தால்கூட எனக்கு ஒரு மாதிரி ஆகும். சிரிக்காதீர்கள். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்காவது இப்படி ஏதோ ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் இந்தத் தலைப்பைப் பார்த்து உள்ளே வந்திருக்க மாட்டீர்கள்.

பல் திடீரென்று ஒரு நாள் வலிப்பதில்லை, முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. இடது கீழ்க் கடைவாயில் பள்ளி நாளில் அடைத்த அடைப்பு ஒன்று, கச்சாங் பூத்தே என்கிற கடலை நொறுவல் கடிக்கும்போது உடைந்து வந்தது. அதற்கப்புறம் ஐஸ் தண்ணீர் பட்டால் சுருக்கென்று இருக்கும், உடனே போய்விடும். இந்தக் கட்டத்தில் போனால் பெரும்பாலும் ஓர் அடைப்போடு முடியும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். கொஞ்ச நாள் கழித்துச் சூடான கோப்பி குடித்தால் வலி வந்து, கோப்பி முடிந்த பிறகும் அரை மணி நேரம் நின்றது. அது அடுத்த கட்டம். சூட்டுக்கு வலித்து, வலி தங்கி நிற்கிறது, ராத்திரி படுத்தால் தானாகவே துடிக்கிறது என்றால் பல்லுக்குள் இருக்கும் நரம்பு இனி தேறாத நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அப்புறம் அடைப்பு போதாது. ஒன்று நரம்பு சிகிச்சை (வேர் சிகிச்சை என்பதும் இதுதான்), இல்லாவிட்டால் பிடுங்க வேண்டும். சுருக்கென்று வந்து போவதும், வந்து தங்குவதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தை யாராவது எனக்குப் பத்து வருடம் முன்னால் சொல்லியிருக்கலாம்.

வியாழன் ராத்திரி நடந்தது இதுதான். இரண்டு பனடோல் (பாராசிட்டமோல்) போட்டுப் படுத்தேன். படுத்ததும் துடிப்பு இரண்டு மடங்கானது. தலையைத் தாழ்த்தினால் அந்த இடத்தில் ரத்த அழுத்தம் கூடும், அதனால் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பார்க்க வேண்டும். அப்புறம் தற்செயலாகக் கண்டுபிடித்தேன், குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருந்தால் வலி நிற்கிறது. முன்பு எந்தக் குளிர் சுருக்கென்று குத்தியதோ அதுவே இப்போது சுகம். ஐஸ்பெட்டியிலிருந்து ஒன்றரை லிட்டர் போத்தலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஒரு மடக்கு, தண்ணீர் வாயில் வெதுவெதுப்பாகும் வரை நிம்மதி, துப்பிவிட்டு அடுத்த மடக்கு. விடிய விடிய இதே வேலை. ஒரு வாளியும் பக்கத்திலேயே இருந்தது. குளிர் தண்ணீரில்தான் வலி அடங்குகிறது என்றால் நரம்பு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தமாம். நானோ கைவைத்தியம் வேலை செய்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு வந்து, “ஏம்மா, ராத்திரியே என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல” என்று திட்டிவிட்டு, கிராம்பு எண்ணெயும் பஞ்சும் கொண்டுவந்தார். என் நிலைமையைப் பாருங்கள், கிராம்பு எண்ணெய்! கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன். கொஞ்சம் மரத்தது, உண்மைதான். ஆனால் பஞ்சில் ஒரு சொட்டு போதும், பல்லின் குழியில் மட்டும் வைக்க வேண்டும். ஈறில் வழிய விட்டால் வெந்துபோகும், எனக்கு உள்கன்னத்தில் வெள்ளையாக உரிந்தது. ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைக்கும் பழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு, அதைச் செய்யவே கூடாது. அது அமிலம், தோலை அரித்துவிடும். கன்னத்தில் சூடாக ஒத்தடம் கொடுப்பதும் வேண்டாம், வீக்கம் இருந்தால் அது பரவ வழி செய்யும். துணியில் சுற்றிய ஐஸ் பரவாயில்லை.

மாத்திரை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் இதில்தான் அதிகம் விளையாடுகிறார்கள். பெரியவர்கள் பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு மாத்திரை, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. சளி மாத்திரைகளிலும் அதே பாராசிட்டமோல் இருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பல்வலிக்கு இபுபுரோபென் இன்னும் நன்றாகக் கேட்கும், அதை பனடோலோடு சேர்த்தே எடுக்கலாம், சாப்பிட்ட பிறகு. ஆனால் பொன்ஸ்தான், இபுபுரோபென், வோல்தரென் எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றோடு ஒன்று சேர்க்கக் கூடாது. கேஸ்ட்ரிக், சிறுநீரகப் பிரச்சினை, ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் நீர்க்கும் மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் இந்தக் குடும்பத்தின் பக்கமே போக வேண்டாம். நம் ஊரில் டெங்கி வேறு ஓயாது. காய்ச்சலும் இருந்து அது டெங்கியாக இருக்கலாம் என்ற சந்தேகமும் இருந்தால் பனடோல் மட்டும்தான். கிருமியைக் கொல்லும் பழைய அமோக்சிசிலின் வீட்டில் கிடந்தது, அதையும் போட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. வலி பல்லுக்குள் நரம்பில் இருக்கும்போது அந்த மருந்து அங்கே போய் எதையும் செய்யாது. வீக்கம், காய்ச்சல் என்று கிருமி வெளியே பரவினால்தான் அதற்கு வேலை, அதுவும் டாக்டர் சொன்னால்.

வெள்ளிக்கிழமை தனியார் கிளினிக்குகளுக்குப் போன் அடித்தேன். தொழுகை நேரத்துக்கு மூடுவார்கள், சிலது அன்று முழுக்கவே திறக்காது. ஓர் இடத்தில் பதினொரு மணிக்கு வரச் சொன்னார்கள். பக்கத்து டவுனில் ஒரு கிளினிக், பெயர் வேண்டாம். காரை வெளியே நிறுத்தி, உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வலி பயத்தை ஜெயித்தது, அதனால் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். வேர் சிகிச்சை 1,400 வெள்ளி, மேலே தொப்பி (பல்லை மூடும் உறை) போட 1,600, ஆக மொத்தம் 3,000 என்றார் டாக்டர். இல்லை என்றால் பிடுங்கலாம். இப்போதே முடிவு சொல்லுங்கள் என்றார். தூங்காத, சாப்பிடாத ஒருத்தியிடம் மூவாயிரம் வெள்ளிக்கு முடிவு கேட்டால் என்ன சொல்வாள்? எதையாவது செய்து வலியை நிறுத்துங்கள் என்றேன்.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்கிறேன். வலி உள்ள அன்றைக்கு முழுச் சிகிச்சைக்கு முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பல்லைத் திறந்து, கெட்டுப்போன நரம்பை மட்டும் எடுத்து, உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடுவது என்று ஒன்று இருக்கிறது. வலி அதிலேயே பெரும்பாலும் அடங்கும். பிடுங்குவதா, வேர் சிகிச்சையா, தொப்பி எந்த வகை என்பதையெல்லாம் ஒரு வாரம் நன்றாகத் தூங்கிவிட்டு, இரண்டு இடத்தில் விலை கேட்டு முடிவு செய்யலாம். போனிலேயே கேட்டுவிடுங்கள்: இன்றைக்கு வலிக்கு மட்டும் பார்ப்பீர்களா, நரம்பை எடுத்து மருந்து வைக்க எவ்வளவு, எக்ஸ்ரேக்குத் தனியா. விலை சொல்லத் தயங்குகிற இடத்துக்கு நான் இனி போவதாக இல்லை.

அன்று அவர் செய்யப் பார்த்ததும் அதுதான். ஊசி போட்டார். உதடு லேசாகத் தடித்தது. மெஷினை வைத்ததும் மின்சாரம் அடித்தாற்போல் தூக்கிப்போட்டது. வலிக்கிறது என்று கையை ஆட்டினேன். “இது அழுத்தம் மட்டும்தான், சிக்கிட் சாஜா” (கொஞ்சம்தான்) என்று தொடர்ந்தார். மறுபடியும் தூக்கிப்போட்டது. ஊசி போட்டாச்சே, வலிக்கக் கூடாதே என்றார். நான் நடிக்கிறேன் என்பது போல உதவியாளர் பெண் என்னைப் பார்த்தாள். வாயைக் கழுவிவிட்டு நானே எழுந்துவிட்டேன், கை கால் நடுங்கியது. ஒரு தற்காலிக அடைப்பை மேலே அப்பி அனுப்பினார்கள். எக்ஸ்ரே, ஆலோசனை, ஊசி, மருந்து என்று 210 வெள்ளி. வாசலுக்கு வந்ததும் தலை சுற்றி ஐந்தடியில் உட்கார்ந்தேன். வெறும் வயிற்றில் போனதும் ஒரு காரணம். கஞ்சியாவது, மைலோவாவது குடித்துவிட்டுப் போங்கள். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஊசி ஏன் வேலை செய்யவில்லை என்பதைத்தான் எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் சொல்லிப் புரிந்தது. கிருமி பிடித்து வீங்கிய இடத்தில் அமிலத் தன்மை கூடிவிடும், மரப்பு மருந்து நரம்புக்குள் சரியாக இறங்காது. ஈர விறகில் தீக்குச்சி கிழிக்கிற கதைதான். அதோடு ரொம்ப நாளாக வலித்த நரம்பு லேசில் அடங்காது. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு தாடையின் பின்பக்கம் நரம்பு நுழையும் இடத்தில் போட வேண்டும், அது ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். பிடிக்கவில்லை என்றால் திரும்பவும் போடலாம், வேறு வகை மருந்து போடலாம், பல்லைச் சுற்றியே கூடுதல் ஊசி போடலாம். இதெல்லாம் அன்றாடம் நடப்பதுதான். ஆக, ஊசி போட்டும் வலித்தால் உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. நிறுத்தச் சொல்லுங்கள், இன்னொன்று கேளுங்கள்.

எம்.சி. (நோய் விடுப்புச் சான்றிதழ்) பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், என் வேலையே அதுதான். பல் டாக்டர் கொடுக்கும் எம்.சி. செல்லாது என்று சொல்லும் சூப்பர்வைசர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் நோய் விடுப்புக்குப் பல் மருத்துவரின் சான்றிதழும் ஏற்கப்படும் என்றே இருக்கிறது. இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து வருடம் வரை 18, அதற்கு மேல் 22. பல்லுக்கென்று லீவைக் கழித்துக்கொள்ளச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனி செலவில் கிளினிக்கில் பார்க்கக் கொடுக்கும் பெனல் கார்டு வேறு விஷயம். எங்கள் கார்டில் பல்லுக்கு வருடத்துக்கு 200 வெள்ளி, பிடுங்குவதும் அடைப்பதும் மட்டும். அதைக்கூட எங்கள் தொழிற்சாலையில் பாதிப் பேர் எடுப்பதில்லை, கணக்குப் பார்க்கிற எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் நாலரைக்கு, புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் கூட வேலை செய்யும் பெண்ணிடம் போனில் அழுதுகொண்டிருந்தேன். “ஏன்கா, காலையில் இங்கே வந்திருக்கலாம்ல? இங்கே கவர்மெண்ட் கிளினிக் வெள்ளிக்கிழமை திறந்துதானே இருக்கும்” என்றாள். எனக்கு இடி விழுந்தது. பினாங்கு மாநிலத்தில் சனியும் ஞாயிறும்தான் விடுமுறை. இங்கிருந்து லூனாஸ் வழியாக முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். குடிமகனாக இருந்தால் எந்த மாநில அரசாங்கக் கிளினிக்கும் பார்க்கும். கெடா வெள்ளிக்கிழமை மூடினால் பினாங்கு, பினாங்கு ஞாயிறு மூடினால் கெடா. கூலிம், லூனாஸ், பாடாங் செராய், அந்தப் பக்கம் பண்டார் பாரு வரை எல்லைக்கரையில் இருப்பவர்கள் இதைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை ஒன்றுக்கு மட்டும் வழியில்லை, அன்று இரண்டு பக்கமும் பூட்டு.

சனிக்கிழமை காலை எழுந்தால் வலியே இல்லை. ஓவர்டைம் போகாமல் வீட்டில் இருந்தேன், ஆனந்தமாகத் தோசை சுட்டுச் சாப்பிட்டேன். மாதாவுக்கு மெழுகுவர்த்தியும் காளியம்மனுக்கு எலுமிச்சை மாலையும் நேர்ந்திருந்தேன், யார் கேட்டார்களோ தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை. நரம்பு செத்துப்போனதால் வலி நின்றிருக்கிறது, கிருமி வேர் நுனி வழியாக வெளியே இறங்க ஆரம்பித்திருக்கிறது. மத்தியானம் தாடை ஓரம் கல் மாதிரி ஒரு கட்டி. சாயங்காலம் கன்னம் பாதி மேலே ஏறியிருந்தது. வாயைத் திறந்தால் ஒரு விரல்தான் நுழைகிறது.

இந்த இடத்தில் யாரும் காத்திருக்கக் கூடாது. வீக்கம் தாடைக்கு அடியிலோ கழுத்துக்கோ இறங்கினால், நாக்கு மேலே தூக்கிக்கொண்டால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், கண் மூடிக்கொண்டு வீங்கினால், மூச்சு வாங்கினால் பல் கிளினிக் எப்போது திறக்கும் என்று பார்க்கவே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு, வண்டி இல்லையென்றால் 999. பல்லிலிருந்து போன கிருமி மூச்சுக்குழாயை அடைத்து உயிர் போவது கதையல்ல. எனக்கு அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் அக்கா விடவில்லை, அவர் மகனை எழுப்பி வண்டி எடுக்க வைத்தார். அவசரப் பிரிவில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. பச்சை மண்டலத்தில் (அவசரம் குறைந்தவர்களுக்கான இடம்) உட்கார வைத்தார்கள், அங்கே உட்கார்ந்தால் நேரம் ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே பல் பிடுங்க மாட்டார்கள், அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். காய்ச்சல் பார்த்தார்கள், வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்த்தார்கள், கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். வலிக்கு இடுப்பில் ஓர் ஊசி, அமோக்சிசிலினும் மெட்ரோனிடஸோலும் கொடுத்து, விடிந்ததும் பல் கிளினிக்குக்குக் கடிதத்தோடு போகச் சொன்னார்கள். மெட்ரோனிடஸோல் சாப்பிடும்போது பீர், சம்சு எதுவும் கூடாது, வாந்தி புரட்டி எடுக்கும். என் மாமாக்களை நினைத்துத்தான் இதைச் சேர்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கே கவர்மெண்ட் பல் கிளினிக் வாசலில் நின்றேன். எட்டு மணிக்குக் கவுண்டர் திறந்தது. சுத்தம் செய்ய, கட்டுப்பல் செய்ய என்றால் தேதி கொடுப்பார்கள். வலி, வீக்கம் என்று சொன்னால் அன்றே பார்ப்பார்கள், ஆனால் அதைக் கவுண்டரிலேயே வாய் திறந்து சொல்ல வேண்டும். பலர் வெட்கப்பட்டு நம்பரை வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். “சாக்கிட், பெங்காக்” (வலி, வீக்கம்) என்று கன்னத்தைக் காட்டினேன், கடிதத்தைக் கொடுத்தேன். ஒரு வெள்ளி. எடுத்துக்கொள்ளும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போயிருந்தேன், அது நல்லதாகப் போயிற்று, கேட்ட கேள்விக்கெல்லாம் பையைக் காட்டினேன்.

டாக்டர் ஓர் இளம் மலாய்ப் பெண். உட்கார்ந்ததுமே, “டாக்டர், சாயா தாக்குட் சங்காட்” (எனக்கு ரொம்பப் பயம்) என்று சொல்லிவிட்டேன். அவர் கையுறையைப் போடாமல் நாற்காலியை என் பக்கம் இழுத்து உட்கார்ந்து, எது அதிகப் பயம், ஊசியா, சத்தமா, வலியா என்று கேட்டார். யாரும் அதுவரை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் ஊசிகூட இல்லை. நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டார்கள் என்பதுதான் என் பயம். வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். சரி, இடது கையைத் தூக்கினால் நான் நிறுத்துவேன் என்றார். அதோடு விடவில்லை. வாயில் கண்ணாடியை மட்டும் வைத்துக்கொண்டு, இப்போது கையைத் தூக்கிப் பாருங்கள் என்றார். தூக்கினேன், கண்ணாடியை எடுத்துவிட்டார். இன்னொரு தடவை. எடுத்துவிட்டார். அரை நிமிஷம்கூட ஆகாத வேலை. என் தோள் இரண்டும் காதிலிருந்து கீழே இறங்கியது எனக்கே தெரிந்தது.

பிடுங்குவது என்று முடிவாயிற்று, பல் ஈறுக்குக் கீழே வரை விரிசல் விட்டிருந்ததால் காப்பாற்ற ஒன்றும் இல்லை. காப்பாற்றக்கூடிய கடைவாய்ப் பல் என்றால் அரசாங்கத்தில் வேர் சிகிச்சைக்கு நிபுணரிடம் அனுப்புவார்கள், காத்திருப்பு நீளம், அதுவரை மருந்து வைத்து மூடித் தருவார்கள். முதலில் ஈறில் ஏதோ ஜெல் தடவினார், அப்புறம் தாடைக்குப் பின்னால் ஊசி, ரொம்ப மெதுவாக. வேகமாக ஏற்றினால்தான் எரியுமாம். ஏற்றிவிட்டு என்னை வெளியே உட்கார வைத்து வேறு ஒருவரைப் பார்த்தார். கால் மணி நேரம் கழித்துக் கூர்முனையால் ஈறைக் குத்திப் பார்த்தார், ஒரு பக்கம் உறைத்தது. கை தூக்கினேன். பல்லை ஒட்டி இன்னோர் ஊசி. அதற்குப் பிறகு உதடு இருக்கிறதா என்றே தெரியவில்லை. அழுத்தம் தெரியும், இழுப்பது தெரியும், நறுக்கென்று சத்தம் கேட்கும், அது உங்கள் எலும்பு உடைகிற சத்தமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். எல்லாம் சொன்ன வரிசையிலேயே நடந்தது. வாய் முழுக்க ஒரு கெட்ட கசப்பு வந்தது, சீழ். தட்டில் டக்கென்று விழுந்த பல்லைப் பார்க்கிறீர்களா என்றார். பார்த்தேன். நடுவில் கறுப்பாக, வேர் நுனியில் பட்டாணி அளவு ஒரு சதை தொங்கியது. இதுவா என்னை இவ்வளவு பாடு படுத்தியது என்று கோபம்தான் வந்தது.

பிடுங்கிய பிறகு பஞ்சை அரை மணி நேரம் நன்றாகக் கடித்திருக்க வேண்டும், எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. முதல் நாள் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது, சூடாக எதுவும் வேண்டாம். குழியில் உறைந்த ரத்தம்தான் மூடி. அது பெயர்ந்தால் எலும்பு திறந்து மூன்றாம் நாள் வாக்கில் காது வரை புது வலி வரும், சிகரெட் பிடிப்பவர்களுக்கு அது அதிகம். மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீர், மெதுவாக. ஆறிய கஞ்சி, ஆறிய மைலோ என்று ஓட்டினேன்.

இடைவெளியை அப்படியே விடலாமா என்றால், பக்கத்துப் பல் சாயும், மேல் பல் இறங்கும், உடனே இல்லை, வருடக் கணக்கில். கட்டுப்பல்லுக்குப் பதிந்திருக்கிறேன். இதில் ஒரு எச்சரிக்கை. பாசார் மாலாமிலும் (இரவுச் சந்தை) கைப்பேசி விளம்பரத்திலும் மலிவாகக் கட்டுப்பல், கம்பி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2018-ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டப்படி பதிவு இல்லாமல் அந்தத் தொழில் செய்தால் 300,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு வருடம் வரை சிறை. டாக்டர் பெயர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பார்க்கலாம், இரண்டு நிமிஷ வேலை. ரசீதுகளை எறியாதீர்கள். 2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து பல் பரிசோதனை, சிகிச்சைச் செலவுக்கு 1,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு, மருத்துவச் செலவுக்கான மொத்த வரம்புக்குள்ளேயே.

அந்த டாக்டர் கடைசியில் என் கார்டில், நோயாளிக்குப் பயம் அதிகம், கை சைகை பேசியிருக்கிறோம் என்று எழுதி வைத்தார். நீங்களும் எழுதச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் கவர்மெண்டில் டாக்டர் மாறிக்கொண்டே இருப்பார்கள். மேல் வரிசையில் ஒரு பல் ஆரம்பக் கட்டத்தில் இருந்ததால் அதை அடைக்கத் தேதி கொடுத்திருந்தார்கள். போனபோது வேறு ஒருவர் இருந்தார், சின்னப் பையன். கார்டைப் படித்துவிட்டு, நாற்காலியைச் சாய்ப்பதற்கு முன், “இடது கைதானே?” என்றார். உள்ளங்கை வேர்க்கத்தான் செய்தது. அடைப்பு இருபது நிமிஷத்தில் முடிந்தது, மத்தியான ஷிப்டுக்கு வேலைக்குப் போய்விட்டேன்.